தொப்பைக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மூன்றாவது தடவையாக அதே பேண்ட்டை எடுத்துக்கொண்டு ராஸ்தா பேட் தையல்காரரிடம் போனேன். மனிதர் இடுப்புப் பட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாஹேப், ஆதா காபட் நாஹி" என்றார். இனிமேல் பிரித்துவிட உள்ளே துணி இல்லையாம். புனேக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் நான் புரிந்துகொண்ட முதல் மராத்தி வாக்கியம் இதுதான் என்று வீட்டம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதே மாதம் ஆபீஸில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. இடுப்பு 99 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. 24.6தான். "எடை பரவாயில்லை சார், வயிற்றைத்தான் குறைக்கணும்" என்றார் டாக்டர். உடனே அப்பா ஞாபகம் வந்தது. அவரும் ஒல்லியான மனிதர். கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் ஒரு அடி முன்னால் போகும். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வயது 47. எனக்கு இப்போது 46.

இதைக் கோவில்பட்டியில் சொன்னால் எடுபடாது. போன முறை போனபோது அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வடக்க போயி நல்லா பூசினாப்புல ஆயிட்டியேப்பா" என்று திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்!

சரி, குறைத்துத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன். முதலில் டி.வி. விளம்பரம் பார்த்து ஒரு பெல்ட் வாங்கினேன் (சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும்). அது வயிற்றில் கட்டிக்கொண்டால் அதிரும். அதிர்ந்தது, அவ்வளவுதான். அடுத்து சிட்-அப். தினமும் நூறு. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் எடுத்தேன். கடைசியில் டேப்பை வைத்துப் பார்த்தால் 98.5. அரை சென்டிமீட்டர் குறைந்ததற்குக் கழுத்து வலி போனஸ். ஒன்பதாயிரம் சிட்-அப்புக்கு இதுதான் வரவு என்றால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

நான் பி.காம். உடம்பு சாஸ்திரம் தெரியாது. ஆனால் கணக்கு இடிக்கிற இடத்தில் பழைய வவுச்சர்களைத் தோண்டுவது தொழில் புத்தி. வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கு வேலை கொடு என்று முதலில் சொன்னது யார், அதற்கு என்ன ஆதாரம் என்று தேட ஆரம்பித்தேன். சில மாதம் இதுவே வேலையாகிவிட்டது.

தொப்பை பெரிய மனிதர்களின் அடையாளமாக இருந்த காலம் ரொம்ப நீளம். அது வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதிப் பிரபலமானவர்களில் முன்னோடி வில்லியம் பேண்டிங் என்ற லண்டன்காரர். அவருடைய தொழில் சவப்பெட்டியும் ஈமச்சடங்கு ஏற்பாடும். ராஜகுடும்பத்து மரணங்களுக்கே அவர்கள் குடும்பம்தான். 1863ல் தன் பருமனைப் பற்றி ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். அவரும் முதலில் உடற்பயிற்சிதான் செய்து பார்த்தார். காலையில் படகு வலித்தார். உடம்பில் பலம் ஏறியது, கூடவே பசியும் அகோரமாக ஏறியது! கடைசியில் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டுத்தான் இளைத்தார். ஆக ஆரம்பத்திலேயே ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை.

பயிற்சி பக்கம் கூட்டத்தைத் திருப்பியவர் யூஜென் சாண்டோ. பிரஷ்யாவில் 1867ல் பிறந்தவர். மேடையில் எடை தூக்கிக் காட்டுகிறவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், ஆனால் பலருக்கும் பீப்பாய் உடம்பு. சாண்டோ வந்து கிரேக்கச் சிலை மாதிரி நின்றார். வயிற்றுத் தசையைக் கட்டம் கட்டமாக அசைத்துக் காட்டினார். எடை தூக்குவதைப் பார்க்க வந்த ஜனம் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தது. 1897ல் பயிற்சிப் புத்தகம் போட்டார். ஸ்பிரிங் வைத்த டம்பெல், தபாலில் பாடம், கடைசியில் தன் பெயரில் கோகோ பவுடர் வரை விற்றார். 1901ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு ஒரு நடுவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில்.

1904-05ல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். வந்து போன தடம் இன்னும் இருக்கிறது. நம்ம ஊர் சாண்டோ சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் நிற்பது இவர்தான். இங்கே புனே கடையில் கை இல்லாத பனியன் கேட்டால் 'சேண்டோ பனியன்' என்று எடுத்துப் போடுகிறார்கள். நூற்றியிருபது வருடம் கழித்து நான் மாட்டிக்கொண்டிருக்கும் பனியனில்கூட அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். அதைத் தள்ளிக்கொண்டு என் தொப்பையும்.

இனி நம்ம பக்கத்துக் கதை.

அந்தக் காலத்தில் சாண்டோவின் கருவிகளையும் புத்தகத்தையும் தபாலில் வரவழைத்த இந்தியர்களில் ஒருவர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. 1868ல் பிறந்தவர். 1909ல் இருந்து 1947 வரை ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா. (நம்ம ஐ.டி. மக்கள் குடியிருக்கும் புனே ஔந்த் இல்லை. இது சாத்தாரா ஜில்லாவில் இருக்கும் ஒரு சின்ன ஊர். நான்கூட முதலில் குழம்பினேன்.) அவர் பத்து வருடம் போலச் சாண்டோ முறையை விடாமல் செய்தார். பிறகு மீரஜ் ராஜா சொல்லி அதை விட்டுவிட்டு சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். மாறியவர் சாகும்வரை விடவில்லை.

ஒரு பேங்க்காரன் கண்ணுக்கு அந்த மாற்றத்தில் முதலில் தெரிவது செலவு. டம்பெல் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம், லண்டனுக்கு மணியார்டர் வேண்டாம். ஆறடி தரை போதும். அதற்குமேல் இன்னொன்றும் இருக்கிறது. சாண்டோ முறையில் கைக்குத் தனி, தோளுக்குத் தனி, வயிற்றுக்குத் தனி என்று பகுதி பகுதியாகப் பயிற்சி. நமஸ்காரத்தில் குனிந்து, காலை நீட்டி, தரையில் படுத்து, நெஞ்சைத் தூக்கி, மறுபடி எழுந்து என்று உடம்பு மொத்தமும் ஒரே ஓட்டமாக வேலை செய்கிறது. ராஜாவின் முறையில் பத்து நிலைகள். நம் பிள்ளைகள் யோகா கிளாஸில் செய்யும் பன்னிரண்டு கணக்கு வேறு. வயிறு அதில் ஒரு பங்காளி மட்டுமே, ஹீரோ இல்லை.

ராஜா தான் மட்டும் செய்து திருப்திப்படவில்லை. ராணி, குழந்தைகள், சமஸ்தானப் பள்ளிக்கூடங்கள் என்று எல்லோரையும் செய்ய வைத்தார். பள்ளிகளில் கட்டாயம். 1920களின் கடைசியில் இதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். லூயிஸ் மோர்கன் என்ற பத்திரிகையாளர் அதை வெளிநாட்டு வாசகர்களுக்காகத் தொகுத்து, 1938ல் லண்டனில் 'தி டென் பாயின்ட் வே டு ஹெல்த்' என்று வெளிவந்தது. சாண்டோ லண்டனிலிருந்து நமக்கு விற்றார். நாற்பது வருடம் கழித்து ஔந்த் அங்கே திருப்பி ஏற்றுமதி செய்தது. வேதகாலத்திலிருந்து மாறாமல் அப்படியே வந்தது என்று வாட்ஸப்பில் சுற்றுகிற சூரிய நமஸ்காரம், இன்று நாம் பார்க்கும் தேகப்பயிற்சி வடிவத்துக்கு வந்ததில் சாண்டோ புத்தகத்தைப் படித்த இந்த ராஜாவுக்குப் பெரிய பங்கு. சூரியனை வணங்குவது பழசு. அதை எண்ணி எண்ணி டிரில் மாதிரி செய்வது நூறு வருடத்துக் கதை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு என்னவோ இதனால் அதன் மதிப்புக் கூடியதாகத்தான் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அந்த ஔந்துக்குப் போய்வந்தோம். மலைமேல் யமாய் தேவி கோயில், பக்கத்தில் ராஜா சேர்த்த படங்களும் சிற்பங்களும் உள்ள பவானி மியூசியம். 1938ல் ஆரம்பித்தது. அந்தக் குக்கிராமத்தில் ரவிவர்மா ஓவியமும் ஹென்றி மூர் சிற்பமும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ராஜா தானே ஓவியர். போதாதென்று, 1939 வாக்கில் காந்தியின் யோசனைப்படி தன் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விட்டுக்கொடுத்தவர். உடம்பையும் பதவியையும் ஒரே மாதிரி இளைக்க வைத்த ஆள் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். "நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க" என்று பதில் வந்தது.

திரும்பி வந்து மறுபடி சிட்-அப் கணக்குக்கு. உலகம் ராஜா வழியில் போகவில்லை, பகுதி பகுதியாகத்தான் போனது. அமெரிக்க ராணுவம் 1980ல் கொண்டுவந்த உடல்தகுதித் தேர்வில் இரண்டு நிமிட சிட்-அப் ஒரு முக்கியப் பாடம். 2022ல்தான் அதை எடுத்துவிட்டு, முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி நிற்கும் பிளாங்க்கை வைத்தார்கள். முதுகுக்கு சிட்-அப் ஆகாது என்பதும் ஒரு காரணம். நான் வாங்கியது போன்ற பெல்ட்டுகளின் அண்ணன் தம்பிகள் மேல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2002லேயே வழக்குப் போட்டுவிட்டது. கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் வயிறு தட்டையாகும் என்பது பொய் விளம்பரம் என்று. நான் வாங்கியது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. யாரைக் குறை சொல்வது?

'வேலை செய்கிற இடத்தில் கொழுப்புக் கரையும்' என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1971ல் கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். ஆடுகிற கை பருமனில் பெரிது, தசை ஏறியிருக்கிறது. ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பு இரண்டு கையிலும் ஒன்றுதான். வருடக்கணக்கில் ஒரே கையால் ஆடியும் அந்தக் கைக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையவில்லை.

1984ல் வந்தது என் வயிற்றில் பால் வார்த்த ஆய்வு. அமெரிக்காவில் 13 ஆண்களை 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். முன்பும் பின்பும் வயிறு, முதுகு, பிருஷ்டம் மூன்று இடத்திலும் ஊசியால் கொழுப்பு எடுத்து அணுக்களின் அளவைப் பார்த்தார்கள். அணுக்கள் கொஞ்சம் சுருங்கியிருந்தன, ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. வயிற்றுக்கென்று விசேஷச் சலுகை எதுவும் இல்லை!

காரணத்தை எங்கள் பாஷையில் சொல்கிறேன். கொழுப்பு என்பது ஹெட் ஆபீஸ் கணக்கில் இருக்கும் டெபாசிட். எந்தக் கிளையில் செலவு என்றாலும் பணம் மத்தியிலிருந்து ரத்தம் வழியாகத்தான் வரும். வயிற்றுத் தசை தன் மேல் படிந்திருக்கும் கொழுப்பைக் கடித்துத் தின்ன முடியாது. சிட்-அப் எடுத்தால் உள்ளே தசை உறுதியாகும், நல்லதுதான். மேலே போர்த்திய மெத்தை அப்படியே இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்கள் இறுக்கி வயிற்றில் துணி கட்டிவிட்டதும், கட்டியும் போகவில்லையே என்று நம் வீட்டுப் பெண்கள் வருத்தப்பட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது. பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்படியானால் தொப்பை எங்கே ஏறுகிறது, யாருக்கு ஏறவில்லை? இதற்குப் பதில் கிடைத்தது ஜிம்மில் இல்லை, லண்டன் பஸ் டெப்போவில்.

ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு ஏன் கூடுகிறது என்று தேடியவர். லண்டன் மாடி பஸ்களில் இரண்டு பேர் வேலை. டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. (சென்னையில் 18ஏ மாடி பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் படி ஞாபகம் இருக்கும். ஆனால் நம்ம கண்டக்டர்கள் சீட்டை விட்டு எழுந்திருப்பது அபூர்வம்.) ஒரே முதலாளி, ஏறக்குறைய ஒரே வர்க்கம், ஒரே ஊர். வித்தியாசம் உட்காருவதிலும் நடப்பதிலும் மட்டும். சுமார் 31,000 பேரின் விவரத்தைப் பார்த்து 1953ல் லான்செட்டில் எழுதினார். வருடத்துக்கு ஆயிரம் பேரில் இருதய நோய் வந்தது டிரைவர்களில் 2.7, கண்டக்டர்களில் 1.9. தபால் இலாகாவிலும் இதே கதை. நடந்து கடிதம் கொடுத்தவர்களைவிட உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு அதிகம். குமாஸ்தா என்ற வார்த்தையைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன், நிஜமாகவே.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கடுத்த கட்டுரை. 'ஒருவேளை குண்டாக இருந்தவர்களே டிரைவர் வேலைக்குப் போனார்களோ?' என்று கேள்வி வந்தது. மோரிஸ் குழு என்ன செய்தது தெரியுமா? கம்பெனி கொடுக்கும் யூனிஃபார்ம் பேண்ட்டுகளின் இடுப்பளவு ரிஜிஸ்டரை எடுத்தார்கள்! 1956ல் வந்தது அந்தக் கட்டுரை, யூனிஃபார்ம்களின் நோயியல் என்ற அர்த்தத்தில் தலைப்பு. ஒவ்வொரு வயதிலும் டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிது. எழுபது வருடத்துக்கு முன்னால் ஒரு லண்டன் தையல் கணக்கு சொன்னதைத்தான் ராஸ்தா பேட் தையல்காரர் எனக்கு மராத்தியில் சொல்லியிருக்கிறார்.

இதோடு முடியவில்லை. தொப்பை இல்லாததுதான் கண்டக்டர்களைக் காப்பாற்றியதா? இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒல்லியோ, நடுத்தரமோ, தொப்பையோ, எந்த உடல்வாகாக இருந்தாலும் கண்டக்டருக்கு ஆபத்து குறைவாகத்தான் இருந்தது. அதாவது, படியேறிய பலன் தொப்பையோடு இருந்தவருக்கும் கிடைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை எந்தப் பெல்ட் விளம்பரமும் சொல்லாது, சொன்னால் வியாபாரம் ஆகாது. மோரிஸ் 2009ல் 99 வயதில் காலமானார்.

எங்கள் பழைய கிளை ஞாபகம் வந்தது. நான் சேர்ந்த புதிதில் லெட்ஜர்கள் முழுசாகப் போகவில்லை. தஃப்தரி அண்ணாச்சி ஒருவர் கனமான லெட்ஜர்களைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ராங் ரூமுக்கும் கவுண்டருக்கும் மேனேஜர் டேபிளுக்கும் நாள் முழுக்க நடப்பார். ஓய்வு பெறும் நாளிலும் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பதினோரு மணி டீக்கு எழுந்திருப்பதோடு சரி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, லெட்ஜர் போனது, அண்ணாச்சிக்குப் பிறகு வந்தவருக்கும் வயிறு வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எடை சரியாக இருந்தும் எனக்கும் அப்பாவுக்கும் வயிறு மட்டும் ஏன்? பதில் நான் இருக்கும் ஊரிலேயே இருந்தது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் 2004ல் லான்செட்டில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்க்க இருவருமே ஒல்லி. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக் குழு அளந்தபோது சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. எடையில் அவ்வளவு குறைந்த நம் குழந்தைகளிடம் சதை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் கொழுப்பு உடம்பு கர்ப்பத்திலேயே ஆரம்பிக்கிறது. என் பாட்டி எத்தனை நாள் சாப்பிடாமல் அப்பாவைச் சுமந்தாளோ, அந்தக் கடனுக்கு வட்டி இன்னும் ஓடுகிறது.

அதனால்தான் நமக்கு அளவுகோலே வேறு. இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வை (சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று செய்தது) பார்த்தால், நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை, வயதுவந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். தோலுக்கு அடியில் இருப்பதைவிட, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்திருப்பதுதான் வில்லன். நல்ல செய்தி, வேகமாக நடந்தாலே அந்த உள்கொழுப்பு குறையும். சில சமயம் எடை பார்க்கும் மெஷினுக்கே தெரியாமல் குறையும்.

எங்கள் கிளை முதல் மாடியில். 24 படி. லண்டன் கண்டக்டர் கணக்குக்கு 25 தடவை ஏற வேண்டும். அவ்வளவு முடியவில்லை. வவுச்சர், கையெழுத்து என்று எதற்கும் ஆளைக் கூப்பிடாமல் நானே இறங்கி ஏறுவதில் பத்துப் பன்னிரண்டு தேறுகிறது. காலையில் நாற்பது நிமிடம் நடை. பிறகு மகளோடு பன்னிரண்டு நமஸ்காரம். "அப்பா, முட்டி தரையில படுது" என்று அவள் திருத்துவாள். இரவுச் சாதத்தில் பாதியை பேண்டிங் கணக்கில் எழுதிவிட்டேன். ஏழு மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இடுப்பு 95. சர்க்கரை 104. தட்டை வயிறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பக்கவாட்டில் நின்றால் தெரிகிறது.

போன வாரம் அதே பேண்ட்டை அதே தையல்காரரிடம் கொண்டுபோனேன், இந்தத் தடவை பிடித்துத் தைக்க. உள்பக்கம் மிஞ்சும் துணியைக் காட்டி, "காபூ கா?" என்று கத்தரிக்கோலை எடுத்தார். வெட்ட வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்றேன்.